சொந்தத்துல கட்டுனதாலயா?

"இது பரம்பரையா வந்ததா, இல்ல நானா இழுத்துக்கிட்டதா?"

ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டே இதைக் கேட்காதவர்கள் குறைவு. பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் அக்காமார், சாயல்குடியில் பனையேறிப் பனையேறி முட்டி தேய்ந்தவர்கள், கீழக்கரையில் இருந்து சபுராளியாகப் போய்ப் பாதி வயதை வளைகுடாவில் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள், எல்லாருக்கும் இதே கேள்விதான். நான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, இங்கே பார்க்க முடிந்ததைப் பார்ப்பது, முடியாததைப் பெட்டியில் வைத்து மதுரைக்கு அனுப்புவது என் வேலை. விளக்கம் சொல்வது என் வேலையில் சேராது. "டாக்டரைக் கேளுங்கண்ணே" என்று பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

கேள்விக்கு உள்ளே இருப்பது மருத்துவச் சந்தேகம் மட்டும் அல்ல. பழி யார் மேல் என்பதும் அதில் இருக்கிறது. பரம்பரை என்றால் அப்பன் ஆத்தா மேல். இல்லையென்றால் தன் வாய் மேல், தன் குடி மேல். பிள்ளைக்கு நோய் என்றால் எங்கள் கடற்கரையில் மூன்றாவது பதில் ஒன்று எப்போதும் தயாராக இருக்கும்: "சொந்தத்துல கட்டுனதால."

பரம்பரைக்கும் பழக்கத்துக்கும் நடுவே இன்னொரு தளம் இருக்கிறது. ஜீனை மாற்றாமல் அதைத் திறந்தும் மூடியும் வைக்கும் தளம் அது. எபிஜெனெடிக்ஸ் என்று நாளிதழ் இணைப்புகளில்கூட இப்போது எழுதுகிறார்கள். சில நோய்களில் அந்தத் தளத்தைப் பார்க்காமல் நோயின் பெயரையே சொல்ல முடியாது. வேறு சில நோய்களில் அதைச் சொல்லிப் பேசப்படுவதில் பாதி ஊர்ப்பேச்சு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுகிறார்கள் என்பதுதான் என் குறை.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் இருக்கும் செல்லுக்கும் கல்லீரலில் இருக்கும் செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். ஆனால் ஒன்று ஒளியை வாங்குகிறது, மற்றது பித்தம் சுரக்கிறது. எந்த ஜீன் எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பதை டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் ரசாயனக் குறிகள் தீர்மானிக்கின்றன. மீன் கமிஷன் கடைக்காரர் கணக்கு நோட்டில் சில பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பின் அடித்து வைத்திருப்பாரே, அப்படி. எழுதியது அழியவில்லை, திருத்தவும் இல்லை. திறந்து படிக்க முடியாது, அவ்வளவுதான். அந்தப் பின்னின் வேலையைச் செய்வது பெரும்பாலும் மீத்தைல்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். டி.என்.ஏ.வின் நான்கு ரசாயன எழுத்துகளில் சைட்டோசின் என்ற எழுத்துக்கு அடுத்து குவானின் வரும் இடங்களில் இது ஒட்டும். மனித டி.என்.ஏ.வில் அப்படி 2 கோடியே 80 லட்சம் இடங்கள் வரை இருக்கின்றன. இது தவிர, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகள் மேல் உருண்டைக்கு 147 எழுத்து நீளம் என்று டி.என்.ஏ. சுற்றிக் கிடக்கிறது. இறுக்கிச் சுற்றியிருந்தால் ஜீன் ஊமை, தளர்ந்திருந்தால் பேசும். கான்ராட் வாடிங்டன் 1942இல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தபோது இந்த ரசாயனம் எதுவும் தெரியாது. டி.என்.ஏ.வின் வடிவமே அதற்கு 11 ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

இது மனுசருக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. "பெருசெல்லாம் சினைக் கொடுவாதான்" என்று ஏலக்கூடத்தில் சொல்வார்கள். அனுபவத்தில் வந்த பேச்சு, அறிவியலும் ஆமாம் என்கிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டு கழித்துப் பெண்ணாக மாறும் மீன். மாறும்போது ஜீன்கள் மாறுவதில்லை. ஆஸ்திரேலியாவில் கொடுவாவின் விரையையும் சினைப்பையையும் எடுத்துப் பார்த்தவர்கள், ஆண் தன்மைக்கும் பெண் தன்மைக்கும் உரிய ஜீன்களில் மீத்தைல் குறிகள் இடம் மாறிக் கிடப்பதை 2018இல் காட்டினார்கள். களவா நேர் எதிர். முதலில் பெண், பிறகு ஆண்.

இனி எங்கள் வீட்டு விஷயம்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, தன் தாய்மாமனைக் கட்டியவள். அம்மாவும் பெரியம்மாவும் உடன்பிறந்தவர்கள் என்பதால் எனக்கும் அவர் மாமாதான். பிறந்த பிள்ளையைத் தூக்கினால் கையும் காலும் தொங்கும். அழுகை மெலிசு. மாரில் போட்டால் வாய் வைக்கும், இழுக்காது. பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றி, கடைவாயில் ஒரு சொட்டு விட்டு, தொண்டை அசைகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த சொட்டு. ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். பெரியம்மாவுக்குச் சங்கு பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் மரத்துப்போனது.

ஓரியூர் தேவாலயத்துச் செம்மண்ணைக் கொண்டுவந்து பூசினார்கள். ஏர்வாடி தர்காவுக்கும் போனார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை, மனசுக்கு ஒரு பிடி வேண்டும். சண்டை வேறு இடத்தில். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர், "ரத்தத்துக்குள்ளயே கட்டுனா இப்படித்தாண்டு அப்பவே சொன்னோம்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு மருத்துவமனையில், இன்ன நோய் என்று சொல்வதற்கு முன்பே, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டுச் சீட்டில் எழுதி அதன் அடியில் ஒரு கோடும் போட்டுவிட்டார்கள். அக்கா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சொந்தத்தில் கட்டுவதால் வரும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. அப்பா அம்மா இருவரும் ஒரே பழுதான ஜீனை மறைவாகச் சுமந்து, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டால் வரும் நோய்கள் அவை. உறவுக்குள் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடும். ஆனால் தொய்ந்து கிடக்கும் எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் காரணம் என்று கோடு போடக் கூடாது.

முதலில் குரோமோசோம் (டி.என்.ஏ. கட்டு) பரிசோதனைக்கு அனுப்பினோம். 46 குரோமோசோம், எல்லாம் இடத்தில் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் அதை "ஒண்ணுமில்லையாம்" என்று எடுத்துக்கொண்டார்கள். மதுரையில் குழந்தை நல மருத்துவர் ஒருவர் மட்டும் பிள்ளையின் கண் வடிவத்தையும் சின்னக் கைகளையும் பார்த்துவிட்டு, 15ஆம் குரோமோசோமுக்கு மீத்தைலேஷன் பார்க்கச் சொன்னார். ரத்தத்தை எடுத்தது நான். இவ்வளவு தொய்ந்த பிள்ளைக்கு நரம்பு பிடிப்பது பெரும்பாடு. புறங்கையில் பட்டர்ஃப்ளை ஊசி போட்டு, ஊதா மூடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக விழ விட்டு, உறையாமல் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தேன்.

பெயர் வந்தது: பிராடர்-வில்லி. 1956இல் சூரிச்சில் பிராடர், லாப்ஹார்ட், வில்லி என்ற மூன்று மருத்துவர்கள் எழுதி வைத்த நோய். பிறப்பவர்களில் ஏறக்குறைய 15 ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு.

இதில் நடப்பது இதுதான். 15ஆம் குரோமோசோம் நமக்கு இரண்டு உண்டு, அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. பெரும்பாலான ஜீன்களுக்கு யார் கொடுத்தது என்பது கணக்கில்லை. அந்தக் குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட துண்டில் மட்டும் கணக்கு உண்டு. அம்மா கொடுத்த பிரதி அங்கே மீத்தைல் ஒட்டி மூடியே வரும், எல்லா மனுசருக்கும் அப்படித்தான். அப்பா கொடுத்த பிரதிதான் பேச வேண்டும். அப்பா பிரதியில் அந்தத் துண்டு அறுந்து போயிருந்தாலோ, இரண்டு பிரதியும் அம்மாவிடமிருந்தே வந்துவிட்டாலோ பேச ஆள் இல்லை. 46 குரோமோசோமும் எண்ணிக்கையில் சரியாக இருக்கும். சாதாரணப் பரிசோதனைக்குக் கண்ணில் படாது. மீத்தைல் குறியைப் பார்த்தால்தான் இரண்டு வகைக் குறிக்குப் பதில் அம்மா வகை ஒன்று மட்டும் இருப்பது தெரியும். இந்த நோய் உள்ளவர்களில் 99 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு பரிசோதனையில் பிடிபட்டுவிடும். என் தொழிலில் இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்லும் பரிசோதனைகள் அதிகம் கிடையாது.

மீத்தைலைப் பார்க்கும் வித்தையும் எங்கள் கடற்கரைக்குப் புதுசில்லை, பாதியாவது. டி.என்.ஏ.வை பைசல்பைட் உப்பில் ஊற வைத்தால் மீத்தைல் ஒட்டாத சைட்டோசின் எல்லாம் வேறு எழுத்தாக மாறிவிடும். மீத்தைல் ஒட்டியது மட்டும் அசையாமல் நிற்கும். பிறகு எழுத்துகளைப் படித்தால் எது மூடியிருந்தது என்று தெரிந்துவிடும். 1992இல் மரியான் ஃப்ரோமரும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். இறால் கம்பெனியில், இறால் கறுத்துப் போகாமல் இருக்கப் போடும் மெட்டாபைசல்பைட் இருக்கிறதே, அதற்கு இது பங்காளி. தண்ணீரில் கரைந்தால் அதுவும் பைசல்பைட்தான்.

ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் பழி இடம் மாறியது. "அப்ப மாப்பிள்ள பக்கத்துக் குறையா?" என்று பெரியப்பாவின் தங்கச்சி கேட்டது. மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதுவும் தப்பு. மாமாவின் குரோமோசோம் நன்றாகத்தான் இருக்கும். பத்தில் ஏழு பேருக்கு இது விந்தணு உருவாகும் நேரத்தில் புதிதாக நேரும் அறுப்பு. ஏனையவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு பிரதியும் அம்மாவிடமிருந்தே வந்துவிட்ட தற்செயல். யாரும் செய்ததும் இல்லை, யாரும் தடுத்திருக்கவும் முடியாது. தாய்மாமனைக் கட்டாமல் தனுஷ்கோடியில் இருந்து டெல்லிவரை தேடி யாரைக் கட்டியிருந்தாலும் இதே வாய்ப்புதான். இந்த இரண்டு வகையிலும் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. மருத்துவர் இந்த எண்ணைச் சொன்னபோது அக்கா மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

பால் குடிக்காத இந்தப் பிள்ளைகளே சில வயது போனதும் பசி அடங்காதவர்களாக மாறுவார்கள். வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டதுதான் ரிப்போர்ட்டால் கிடைத்த பெரிய லாபம். எந்த வீட்டு வாசலில் நின்றாலும் "வாடா, ஒரு வாய் சாப்பிடு" என்று தட்டு போடும் ஊர் எங்களுடையது. அந்த ஊரில் வீடு வீடாகப் போய், என் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவது லேசான காரியம் இல்லை. அக்கா சொன்னாள். அடுப்படிக்குப் பூட்டு வந்தது. வாசலில் கருவாடு காயப்போடுவதை நிறுத்தினார்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசி இந்த நோய்க்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் அங்கீகரிக்கப்பட்டது, தசைக்கும் உயரத்துக்கும் உதவும். விலைதான் கையைக் கடிக்கும். பெயர் தெரியாமலே வளர்ந்திருந்தால் அவன் ஊருக்குள் 'தின்னி' என்று பெயர் எடுத்திருப்பான். அக்கா வளர்க்கத் தெரியாதவள் என்று இன்னொரு கோடும் விழுந்திருக்கும்.

அதே துண்டில் அம்மா பிரதி பேச வேண்டிய ஜீன் ஒன்றும் உண்டு. அம்மாவின் அந்தப் பிரதி காணாமல் போனால் வருவது ஏஞ்சல்மன் நோய்: பேச்சு வராது, வலிப்பு வரும், காரணமில்லாத சிரிப்பு. அங்கே மீத்தைல் பரிசோதனை 80 சதவீதத்தைப் பிடிக்கும், மிச்சத்துக்கு வேறு பரிசோதனை வேண்டும்.

புற்றுநோயில் கதை பெரிதாகப் போகிறது. மூளைக் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து வகை சொல்வதில் நிபுணர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் வரும். ஒரு செல் எங்கே பிறந்தது என்ற அடையாளம், அது புற்றாக மாறிய பிறகும் மீத்தைல் குறிகளில் தங்கியிருக்கும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த குழு ஒன்று 2,801 மாதிரிகளை வைத்துக் கணினியைப் பழக்கி 2018இல் வெளியிட்ட முறையில், புதிதாக வந்த நோயாளிகளில் 12 சதவீதம் பேர் வரை நோயின் பெயரே மாறியது. பெயர் மாறினால் மருந்து மாறும். கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டியில் எம்.ஜி.எம்.டி. என்ற ஜீன் மீத்தைலால் மூடியிருந்தால் டெமோசோலமைடு மாத்திரை கூடுதலாகக் கேட்கும் என்று 2005இலேயே தெரியும். அந்த மருந்து செய்யும் சேதத்தைச் சரிசெய்யும் ஜீன் அது. அது மூடிக் கிடப்பது நோயாளிக்கு நல்லது. பெருங்குடல் புற்றுக்கு ரத்தத்திலேயே செப்டின்-9 என்ற ஜீனின் மீத்தைலைத் தேடும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. ஆனால் ஆரம்பக் கட்டப் புற்றை அது அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. ஒரே குழாய் ரத்தத்தில் எல்லாப் புற்றையும் கண்டுபிடிக்கலாம் என்ற விளம்பரம் கண்ணில் பட்டால், எத்தனையாவது கட்டத்தில் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி ஊர்ப்பேச்சுப் பகுதி. அதாவது சுகர்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேல் சர்க்கரை நோயாளிகள். எங்கள் லேபில் காலை ஏழு மணிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தாலே தெரியும். இதற்கு எபிஜெனெடிக்ஸ் விளக்கம் ஒன்று வாட்ஸப்பில் சுற்றுகிறது: தாது வருஷப் பஞ்சத்தில் முப்பாட்டன் பட்டினி கிடந்தான், அந்தப் பட்டினி டி.என்.ஏ.வில் பதிந்து உனக்குச் சுகராக வந்திருக்கிறது. 1876 முதல் 78 வரை அந்தப் பஞ்சம் மதராஸ் மாகாணத்தை நாசம் செய்தது உண்மை. வறண்ட இந்தச் சீமையில் இருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனதும் உண்மை. அதனால் கேட்கும்போது நெஞ்சைத் தொடுகிறது. நெஞ்சைத் தொடுவது ஆதாரம் ஆகாது.

ஆதாரம் என்று உள்ளது இவ்வளவு. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையில் நெதர்லாந்து பட்டினி கிடந்தது. அப்போது கருவானவர்களை 60 ஆண்டு கழித்து, பட்டினிக்கு முன்போ பின்போ பிறந்த அவர்களின் சொந்த உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டார்கள். ஐ.ஜி.எஃப்.2 என்ற ஜீனில் மீத்தைல் 5 சதவீதம் போலக் குறைந்திருந்தது. 2008இல் வந்த இந்த முடிவு நல்ல ஆய்வு, எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கவனியுங்கள்: பட்டினியை அனுபவித்தது கருவில் இருந்த அவர்களே, அவர்களின் பேரன்கள் அல்ல. வித்தியாசமும் சிறியது. அந்த வித்தியாசம்தான் நோயைக் கொண்டுவந்தது என்றும் அது காட்டவில்லை. தலைமுறை தாண்டும் கதைக்கு இன்னொரு பெரிய தடை, கரு உருவானதும் பெரும்பாலான மீத்தைல் குறிகள் துடைத்து எடுக்கப்படுகின்றன, விந்தும் முட்டையும் உருவாகும்போது இன்னொரு முறை. எலிகளில் சில இடங்கள் தப்புவதைக் காட்டியிருக்கிறார்கள். மனுசரில் முப்பாட்டன்வரை போவதற்கு அது போதாது.

ரத்தம் எடுக்கிறவள் என்பதால் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. சிவப்பணுவில் டி.என்.ஏ. கிடையாது. ரத்தத்தில் கிடைக்கும் டி.என்.ஏ. அநேகமாக வெள்ளையணுக்களுடையது. வெள்ளையணுவில் பல வகை, ஒவ்வொன்றுக்கும் மீத்தைல் குறி வேறு. சளி பிடித்திருந்தால் வகைகளின் விகிதம் மாறும், சராசரியும் மாறிவிடும். சுகரோ கணையம், கல்லீரல், தசை சம்பந்தப்பட்டது. அந்த உறுப்புகளில் என்ன நடக்கிறது என்று புறங்கை நரம்பில் எடுத்த ரத்தம் எவ்வளவு சொல்லும்? நல்ல ஆய்வாளர்கள் இந்த விகிதத்தைக் கணக்கில் கழிக்கிறார்கள். வாட்ஸப் கழிப்பதில்லை.

கருவிலும் குழந்தைப் பருவத்திலும் கிடைக்கும் ஊட்டம் பிற்கால நோயைப் பாதிக்கும் என்பதில் சந்தேகமில்லை. புனேயில் மருத்துவர் யாக்னிக் குழு காட்டியது அதைத்தான்: நம் பிள்ளைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் தோலுக்கு அடியில் கொழுப்பு அதே அளவுக்குக் குறைவதில்லை. அம்மாவுக்கு பி12 குறைந்தும் ஃபோலேட் கூடியும் இருந்தால், பிள்ளையின் 6 வயதில் இன்சுலின் சரியாகக் கேட்காத தன்மை கூடுதலாகத் தெரிந்தது. மீன் தின்னும் எங்கள் கடற்கரைக்கு பி12 பிரச்சினை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல மீன் எல்லாம் ஐஸ் ஏறி வெளியூர் போய்விடுகிறது, வீட்டுக்கு மிஞ்சுவது சில நாள் வெறும் குழம்பும் ரேஷன் அரிசியும். இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு கர்ப்பிணிக்கு நல்ல சாப்பாடு போடுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், "உங்கம்மா ஒழுங்காத் தின்னுருந்தா உனக்கு வந்திருக்காது" என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். சொந்தத்துல கட்டுனதால என்று போட்ட கோடு, புது மையில்.

வயதைச் சொல்லும் பரிசோதனைகளும் வந்துவிட்டன. ஸ்டீவ் ஹோர்வத் 2013இல் 353 இடங்களின் மீத்தைலை வைத்து ஒருவரின் வயதைக் கணித்தது ஆராய்ச்சிக்குப் பெரிய கருவி. அதையே பணம் வாங்கிக்கொண்டு 'உங்கள் நிஜ வயது 41' என்று அச்சடித்துக் கொடுப்பது வேறு தொழில். எங்கள் லேபுக்கும் ஒரு பிரதிநிதி துண்டுப்பிரசுரத்தோடு வந்தார், டீ கொடுத்து அனுப்பினோம். சிகரெட் விஷயம் மட்டும் எனக்குச் சிரிப்பு. ஏ.ஹெச்.ஆர்.ஆர். என்ற ஜீனில் ஓரிடத்தில் மீத்தைல் குறைந்திருந்தால் ஆள் சிகரெட் பிடிப்பவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். "நான் தொடுறதே இல்ல தாயி" என்று சட்டைப்பை கனக்கச் சொல்லும் அண்ணன்மாருக்கு இது தெரிய வேண்டாம்.

கடைசியாக, இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது பிறந்த பிள்ளை துவண்டு கிடந்து, பால் இழுக்காமல் இருந்தால்: குரோமோசோம் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் அதோடு விடாதீர்கள். 15ஆம் குரோமோசோம் மீத்தைலேஷன் பார்க்கலாமா என்று குழந்தை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும், ஊதா மூடிக் குழாய். உறைய வைக்கக் கூடாது. சுகர் பார்த்துப் பழகியவர்கள் எல்லாப் பரிசோதனைக்கும் வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறார்கள். இதற்கு அது தேவையில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, நீங்களும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.